ஆட்டம் நடத்த ஆரம்பித்த பிறகு எழுத வரவில்லை என்றால்

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக நண்பர்கள் நான்கு பேருக்கு வாரம் ஒருமுறை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறீர்கள். ஒருவர் சூழலைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் ஆட்டம் அது. அதற்கு முன்னால் மாதம் ஒரு சிறுகதையாவது எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு பக்கம்கூட எழுதுவதில்லை. ஆட்டம் கற்பனையைத் தின்றுவிட்டதா, நிறுத்திவிடலாமா, இல்லை ஆட்டத்தையே நாவலாக எழுதிவிடலாமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விபோல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். மேசையில் செலவாகும் கற்பனையும் தாளில் செலவாகும் கற்பனையும் ஒரே பானையிலிருந்து எடுப்பதா, அல்லது இரண்டு தனித்தனிப் பானைகளா?

பதினெட்டு வருடமாக நான் இந்த ஆட்டங்களை நடத்துகிறேன். பிழைப்புக்குப் பிறர் எழுதிய கதைகளைத் திருத்திக்கொடுக்கும் வேலை. நடுவில் மூன்று வருடம் எனக்கும் ஒரு வரி வரவில்லை. அந்த மூன்று வருடமும் என் மேசை அமோகமாக ஓடிய காலம். ஆகவே நீங்கள் சொல்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் கண்டது என் மேசையையும், என்னிடம் கைப்பிரதி கொடுத்த சில டஜன் பேரின் அனுபவத்தையும்தான். அதை வைத்து எல்லோருக்கும் சட்டம் எழுத முடியாது.

உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் கணக்கு. ஒரு அமர்வு நான்கு மணி நேரம் என்று வையுங்கள். அதற்கான தயாரிப்பு, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், குறைந்தது ஆறு மணி நேரம். வாரத்துக்குப் பத்து. வருடத்துக்கு ஐம்பது வாரம் ஆடினால் 500 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு எழுதுகிற ஒருவருக்கு ஒரு நாவலின் முதல் வரைவு அந்த நேரத்துக்குள் அடங்கிவிடும். இதில் மர்மம் எதுவும் இல்லை. கற்பனை வற்றிவிட்டதா என்று கவலைப்படுவதற்கு முன்னால், எழுத உட்காரும் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு பக்கத்துக்கு ஓர் அரச வம்சாவளி எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்களே, அதுவும் எழுத்துதான். யாரும் படிக்கப்போவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுதுவதை நிறுத்தவே இல்லை. எழுதியதெல்லாம் வேறு கோப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் நேரம் மட்டும் காரணம் என்றால் ஒரு மாதம் ஆட்டத்தை நிறுத்தினால் எழுத்து திரும்ப வந்துவிட வேண்டும். எனக்கு வரவில்லை. ஏன் என்று யோசித்ததில் எனக்குப் பட்டது இது. (இது என் ஊகம், அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.) கதை எழுதுகிறவனை நாற்காலியில் பிடித்து உட்கார வைப்பது ஒருவிதப் பசி. மனதில் ஒன்று தோன்றியது, அதை இன்னொருவர் முகத்தில் பார்க்க வேண்டும் என்ற பசி. எழுத்தில் அது தீர மாதங்கள் ஆகும், பல நேரம் தீரவே தீராது. மேசையில் ஐந்து நொடியில் தீர்ந்துவிடும். "கதவுக்குப் பின்னால் யாரோ உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள்" என்கிறீர்கள். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை போதும், வயிறு நிறைந்துவிடும். மறுநாள் காலை யாருக்காக உட்கார்ந்து எழுதுவது? பானையில் தண்ணீர் இருக்கிறது, தாகம்தான் இல்லை. என்னைப் பொறுத்தவரை நடந்தது அதுதான்.

சரி, அப்படியானால் இந்த ஆட்டம் எழுத்துக்கு எதிரியா என்றால், அதன் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தார். ஒருமுறை போர் தொடங்குவதற்கு முன்னால், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரில் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், இன்னொருவர் பல்கலைக்கழகத் தலைவர் என்று. போரைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது. ஆட்கள் அவர் போட்ட திட்டத்தை விட்டு இஷ்டத்துக்கு அலைந்தார்கள், தங்களுக்குள் பேரம் பேசினார்கள். ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது, படுதோல்வி என்று வெஸ்லி நினைத்தார். ஆட்டக்காரர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னஸன் அதை பிளாக்மூர் என்ற தன் உலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று வெளியிட்டார்கள். முதல் அச்சு ஆயிரம் பெட்டிகள். நீங்கள் வாரம்தோறும் ஆடுவது, ஒரு கதைசொல்லி திட்டமிட்ட கதையை நான்கைந்து பேர் கெடுத்ததால் பிறந்த ஆட்டம். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உங்கள் பன்னிரண்டு பக்க வம்சாவளி ஏன் பயன்படவில்லை என்பதற்கும் இதுதான் விடை.

கேம் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, உட்காரும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் செய்வது, கதையைத் தயாரித்துக்கொண்டு வருவது. முதலில் இந்தச் சத்திரம், பிறகு அந்தக் காடு, கடைசியில் துரோகி யார் என்ற திருப்பம். ஆட்டக்காரர்கள் சத்திரத்திலேயே உட்கார்ந்துவிட்டால் எரிச்சல் வரும். தயாரிக்க வேண்டியது நிலைமையை மட்டும். யாருக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று ஆளுக்கு இரண்டு வரி. முடிவை எழுதாதீர்கள். நான் இப்போது ஓர் அமர்வுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை. ஆறு மணி நேரத் தயாரிப்பு நாற்பது நிமிடமாகிவிட்டது. ஆட்டம் மட்டம் ஆகவில்லை. என் நண்பர்கள் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை என்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

இங்கே பகடையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எழுத்துக்காரருக்கு இதில் நல்ல சரக்கு இருக்கிறது. உங்கள் ஆட்டத்தின் இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணும் விழ ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு ஐந்து. அதனால்தான் பெரிய வீரன் முக்கியமான நேரத்தில் ஒன்று போட்டுக் கோமாளியாகிறான், எழுத்தர் பையன் இருபது போட்டு ராட்சசனைச் சாய்க்கிறான். கதை அங்குமிங்கும் குதிக்கும். மூன்று ஆறுமுகப் பகடைகளைச் சேர்த்து உருட்டும் ஆட்டங்களில் நடுத்தர எண்களே அதிகம் வரும், பதினெட்டு விழுவது 216இல் ஒரு தடவை. அங்கே கதை நிதானமாக நடக்கும். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி மூன்று பதில் வைத்தது. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும். ஆறும் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து வந்து சேரும். நடுவில் ஏழிலிருந்து ஒன்பது வரை வந்தால், கிடைக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. எதையும் கூட்டிக் கழிக்காமல் உருட்டினால் அந்த நடுப்பதில் 36இல் 15 தடவை வரும், முழு வெற்றி 6 தடவைதான். நான் திருத்துகிற கைப்பிரதிகளில் பாத்திரங்கள் ஒன்று ஜெயிக்கிறார்கள் அல்லது தோற்கிறார்கள். "கிடைக்கும், ஆனால்" என்ற இடம் வருவதே இல்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த எழுத்துப் பட்டறையும் இல்லை, அந்த இரண்டு பகடைகள்தான்.

இனி நாவலாக்குவது பற்றி. இதில் என் தோல்வியைச் சொன்னால் புரியும்.

ஒரு நீண்ட ஆட்டத்தில் நண்பர்கள் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு படகோட்டி. அவனுக்கு நான் வைத்திருந்தது மூன்று வரி: வயதானவன், கூலி அதிகம் கேட்பான், இரவில் ஓட்ட மாட்டான். படகை வர்ணிக்கும்போது, ஏன் என்று தெரியாமல், "அடியில் மூன்று துடுப்புகள் கிடக்கின்றன" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்த எண். ஒரு தோழி, அவள் வேடம் ஒரு திருடி, பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டாள்: "ஓட்டுவது ஒருத்தர், இன்னொன்று உடைந்தால் மாற்றுக்கு. மூன்றாவது யாருடையது?" என்னிடம் பதில் இல்லை. குறிப்புத்தாளைப் பார்ப்பதுபோல இரண்டு நொடி ஓட்டினேன். பிறகு, "என் மகளுடையது" என்றேன், படகோட்டியின் குரலில். யாரும் பேசவில்லை. அவள் எண்ணி வைத்த காசோடு இன்னொன்றைச் சேர்த்து வைத்தாள். அடுத்த எட்டு மாதம் நாங்கள் ஆடியதெல்லாம் அந்தப் பெண்ணைத் தேடித்தான். நான் திட்டமிட்டிருந்த போர் நடக்கவே இல்லை.

இதைக் கதையாக எழுத மூன்று முறை முயன்றேன். மூன்றும் செத்துப் பிறந்தன. மேசையில் அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்கும் உண்மையாகவே புதிது, எனக்கும் சேர்த்து. தாளில் படிக்கிறவருக்கு, எழுதுகிறவன் மூன்றாவது துடுப்பை வேண்டுமென்றே போட்டுவிட்டு ஒரு பாத்திரத்தைக் கேட்க வைக்கிறான் என்பது பளிச்சென்று தெரிந்தது. தற்செயல் என்பதைத் தாளில் ஏற்றவே முடியாது. அங்கே எல்லாமே ஆசிரியர் செய்ததுதான். அதோடு, ஆட்டத்தில் ஐந்து பேரும் முக்கியம், ஏனென்றால் ஐந்து பேரும் நேரில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதையில் ஐந்து நாயகர்கள் என்றால் நால்வர் சும்மா நிற்பார்கள். நான்காம் முறை, திருடியையும் கூட்டத்தையும் மொத்தமாக நீக்கினேன். அவர்கள் வருவதற்கு முந்தைய நாள், படகோட்டி மட்டும், கரையில். அப்போதுதான் கதை மூச்சு விட்டது. அதைப் படித்துவிட்டுத் தோழி கேட்ட ஒரே கேள்வி, "துடுப்பு எங்கே?" இல்லைதான். இரண்டாவது திருத்தத்தில் வெட்டிவிட்டேன்.

ஆட்டத்திலிருந்து நாவல் வராது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கிறது. ஜப்பானில் 1986இல் காம்ப்டிக் என்ற கணினி இதழ் ஓர் ஆட்டத்தில் பேசியதை அப்படியே உரையாடலாகத் தொடர்ந்து வெளியிட்டது. அந்த ஆட்டத்தை நடத்திய ரியோ மிசுனோ 1988இலிருந்து அதே உலகத்தை நாவல்களாக எழுதினார், லோடோஸ் வரிசை என்று புகழ்பெற்றது. அதில் எல்லோரும் விரும்பிய எல்ஃப் (மாயக் கதைகளில் வரும் கூர்ங்காது இனம்) பெண்ணை மேசையில் ஆடியது ஓர் ஆண் எழுத்தாளர். கவனிக்க வேண்டியது, ஆட்டப் பதிவு வேறு, நாவல் வேறு என்று இரண்டாகவே அது வெளிவந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஒட்டி எழுதிய டிராகன்லான்ஸ் நாவல்களில், 1984இலிருந்து வந்தவை, ரைஸ்ட்லின் என்ற மந்திரவாதி கரகரத்த கிசுகிசுப்பில்தான் பேசுவான். அந்தக் குரல் சோதனை ஆட்டத்தில் ஒரு நண்பர் தானாகப் பேசிக் காட்டியது. பாருங்கள், மேசையிலிருந்து எடுத்தது ஒரு குரல். உங்களுக்கும் அதையே சொல்வேன். இரண்டு வருட ஆட்டத்தை எழுதாதீர்கள். அதிலிருந்து ஒரு துண்டை எடுங்கள். நீங்கள் பதில் சொல்ல முடியாமல் திணறிய ஒரு கேள்வி இருக்குமே, அதுவாக இருந்தால் நல்லது.

எடுப்பதற்கு முன் நண்பர்களிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் ஆடிய பாத்திரம் அவர்களுடையது. சட்டத்தில் என்னவோ, நட்பில் அப்படித்தான். சட்டம் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், நான் வழக்கறிஞர் இல்லை. எல்ஃபும் டிராகனும் பொதுச் சொத்து. ஆனால் பிஹோல்டர் போல அந்த ஆட்டத்துக்கென்றே உருவாக்கிய பிராணிகளை உங்கள் நாவலில் விடாதீர்கள். ஆட்டத்தின் ஆரம்ப அச்சுகளிலேயே டோல்கீன் கதைகளில் வரும் குள்ள இனத்தின் பெயரான ஹாபிட் என்று இருந்ததை, அதன் உரிமைக்காரர்கள் ஆட்சேபித்த பிறகு ஹாஃப்லிங் என்று மாற்ற வேண்டிவந்தது.

இன்னொரு எச்சரிக்கை, இது திருத்துகிற வேலையில் கண்டது. கேம் மாஸ்டர் எழுதிய கதையை நான் இரண்டாம் பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவேன். ஓர் அறைக்குள் பாத்திரம் நுழைந்ததும் வாசல்கள் எத்தனை, எந்தப் பக்கம் என்று வரும். பிறகு ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், அதே வரிசையில். யாராவது எங்கே போவது என்று கேட்பார்களோ என்ற பழக்கம் விரலில் ஏறிவிட்டது. உரையாடலும் அப்படித்தான். மேசையில் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றவர்க்குத் தெரியும். "எனக்கு உன் மேல் கோபம்" என்று அங்கே சொல்வது நல்ல ஆட்டம். கதையில் அதே வரி பல்லில் கல். காதுக்குப் பயிற்சி கிடைக்கிறது என்பது உண்மை. ஐந்து பேர் ஐந்து விதமாகப் பேசுவதை வாரம்தோறும் கேட்பது சாதாரண லாபம் இல்லை. ஆனால் ஆட்டம் ஆடினால் எழுத்து மேம்படும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எழுத்து மேம்பட்டவர்களையும் பார்த்தேன், எழுத்து கெட்டுப்போனவர்களையும் பார்த்தேன்.

நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுத்த வேண்டாம், ஆனால் நடத்துகிற நாற்காலியிலிருந்து சில மாதம் எழுந்திருங்கள் என்பேன். சும்மா ஆட்டக்காரராக உட்காருங்கள். ஆட்டக்காரருக்குத் தயாரிப்பு கிடையாது, பாராட்டுப் பசியும் முழுக்கத் தீராது. ஏனென்றால் மேடை நாலில் ஒரு பங்குதான் உங்களுடையது. என் மூன்று வருடம் உடைந்தது அப்படித்தான். வேறொருவர் நடத்திய ஆட்டத்தில் ஒரு முழு மாலை என் பாத்திரம் சிறையில் இருந்தது. நான் பேச எதுவுமே இல்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து நான்கு பக்கம் எழுதினேன். சொல்ல முடியாமல் போனது உள்ளே கிடந்து குத்தியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஆடிய அன்றே இருபது நிமிடம் எழுதுங்கள். நடந்தவற்றின் பட்டியல் வேண்டாம், அதை நண்பர்களில் யாராவது எழுதி வைப்பார். இன்று எந்த இடத்தில் நான் பதில் தெரியாமல் நின்றேன், அது மட்டும். மறுநாள் எழுதினால் மூளை அந்த இடத்தைச் சமாளித்துப் பூசிவிடும், எல்லாம் முன்பே தெரிந்ததுபோல ஆகிவிடும். தனியாக ஆடும் ஆட்டங்களும் இருக்கின்றன. தவுசண்ட் இயர் ஓல்டு வேம்பயர் என்று ஒன்று, டிம் ஹட்சிங்ஸ் செய்தது. பகடை உருட்டி, கேள்விக்கு நாட்குறிப்புபோலப் பதில் எழுதிக்கொண்டே போக வேண்டும். உங்கள் பாத்திரத்துக்கு ஐந்து நினைவுகள்தான் மனதில் தங்கும், ஆறாவது வந்தால் பழைய ஒன்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் பாத்திரத்தின் நாட்குறிப்புக்கு மாற்ற வேண்டும். நான் அம்மாவின் நினைவை அடித்த இரவு பேனாவை மூடிவிட்டு எழுந்து போனேன். அது ஆட்டமா எழுத்தா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எழுத்து வராத காலத்தில் கைக்கு வேலை கொடுக்க நன்றாக இருந்தது.

நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அமர்வு முடிந்த இரவில் சொல்லாதீர்கள். எல்லோரும் களைத்திருப்பார்கள், ஆட்டம் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆடத் தொடங்குவதற்கு முன், பகடை இன்னும் பையில் இருக்கும்போது சொல்லுங்கள். இந்தக் கட்டத்தை இன்னும் மூன்று அமர்வில் முடிக்கிறேன், அப்புறம் எனக்கு எழுத நேரம் வேண்டும் என்று. நாலில் ஒருவராவது, அநேகமாக இதுவரை அதிகம் பேசாதவர், "அப்படியானால் நான் ஒருமுறை நடத்திப் பார்க்கட்டுமா?" என்று கேட்பார். கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பன்னிரண்டு பக்க வம்சாவளியை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவரிடமும் ஒன்று இருக்கும்.